டிபன் பாக்ஸ் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டாம்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் செட்டிநாட்டுப் பெண் ஆசிரியர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவி, செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன செயற்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எனக்கும் வந்து சேர்ந்தது. வருகிற பொதுக்குழுவுக்குள் ஆயிரம் உறுப்பினர். பத்துப் பேரைச் சேர்த்துவிடும் ஆசிரியைக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஐம்பது பேரைச் சேர்ப்பவருக்கு ஆண்டு விழா மேடையில் பொன்னாடை. ஏகமனதாக நிறைவேறியதாம். நம் தீர்மானப் புத்தகத்தில் ‘ஏகமனதாக’ இல்லாத பக்கத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். இந்த ஒன்றுக்காவது ஒரு மறுப்பு பதிவாகட்டும் என்று எழுதுகிறேன்.

நேரில் வந்து சொல்லலாமே என்பீர்கள். வந்தால் காபி கொடுப்பீர்கள், “அக்கா சொன்னதைக் கவனத்தில் கொள்வோம்” என்பீர்கள், அதோடு சரி. இது காரைக்குடியில் இருக்கிற ஒன்பது பேர் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. பொன்னமராவதியிலும் தேவகோட்டையிலும் இருக்கிற உறுப்பினரும் படிக்கட்டும்.

புதிய ஆளைத் தேடுவதற்கு முன் இருக்கிற பதிவேட்டைப் பாருங்கள். ஒரு நாள் மதியம் அதை வாங்கி வைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கலந்தாய்வில் இடம் மாறி மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் போய்விட்டவர்கள், ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், நாம் மாலை போட்டு வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் என எல்லாரும் அதில் நடப்பு உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். ஒரே ஆசிரியை இரண்டு இடத்தில் வருகிறார்: கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலோடு ஒரு தடவை, பிறகு கணவரின் இனிஷியலோடு ஒரு தடவை. பதிவேட்டில் இத்தனை பேர் இருக்க, கூட்டத்துக்கு வருவது என்னவோ எப்போதும் பார்க்கிற அதே முகங்கள்தாம். இதே பதிவேட்டில் இன்னும் சில நூறு பெயர்களை எழுதினால் பதிவேடு தடிக்கும். சங்கம் வளராது.

இதற்கு ஆயுள் சந்தாவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. அதைக் கொண்டுவந்த ஆண்டில் பெரிதாகப் பேசினார்கள். ஒரே தடவை பணம், வங்கியில் வைப்புத்தொகை, வட்டியில் காரியம். கணக்குக்குச் சரிதான். ஆனால் ஆண்டுச் சந்தா இருந்த காலத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிப் பள்ளியாக ஏறி இறங்கினோம். ஒவ்வோர் ஆசிரியையையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது முகம் பார்த்தோம். ரசீது எழுதுகிற இரண்டு நிமிடத்தில்தான் மாமியார் படுக்கையில் இருப்பதும், புதிதாக வந்த தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாததும், பி.எஃப். கணக்கில் பெயர் தப்பாக ஏறியிருப்பதும் வெளியே வரும். ஆயுள் சந்தா கட்டியவரை இப்போது அடுத்தபடி துக்க வீட்டில்தான் பார்க்கிறோம். சிறு தொகையாக ஆண்டுச் சந்தாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே ஆயுள் சந்தா கட்டியவர்களிடம் பணம் வாங்க வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை அவர்களிடமும் போய்ப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

நாம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், ஊர்களில் இருக்கிறோம். கோயில் புள்ளி என்றால் என்ன என்று நம் மண்ணில் பிறந்தவர்களுக்கு, எந்தச் சமூகமாக இருந்தாலும், ஓரளவு தெரியும். கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி தங்கள் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாகிறார்கள். அன்றிலிருந்து புள்ளி வரி உண்டு; கோயில் காரியத்தில் பங்கும் உண்டு. இளையாற்றங்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறையைக் கடந்துவிட்டன. அங்கே பெயர் ஏறினால் பொறுப்பும் கூடவே ஏறுகிறது. நம் சங்கத்தில் பெயர் ஏறினால் ஆண்டு விழாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

புள்ளிக் கணக்கில் பெண்ணுக்குத் தனிப் புள்ளி கிடையாது, கணவனோடு சேர்த்துத்தான், என்று நம் கூட்டங்களில் சிலர் கிண்டலாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் நம்முடைய விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயருக்கு அடுத்த வரி ‘கணவர் / தந்தை பெயர்’. நான்காவது வரி ‘கணவர் தொழில்’. விண்ணப்பிக்கிறவர் என்ன பாடம் நடத்துகிறார், எந்த வகுப்புக்கு, எத்தனை ஆண்டாக, எந்த பஸ்ஸில் வந்து போகிறார், சங்கத்துக்கு என்ன செய்து கொடுக்க முடியும், சங்கத்திடம் என்ன வேண்டும் – எதற்கும் இடமில்லை. பெண் ஆசிரியர்களுக்கென்று நடத்துகிற சங்கத்தின் படிவம் இது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். காலை ஏழரை மணிக்குக் காரைக்குடிப் புதிய பஸ் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். ஒரே நிறச் சேலையில், தோளில் ஒரு பையும் கையில் திருத்திய நோட்டுக் கட்டுமாக, வேனுக்குக் காத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர்! தனியார் பள்ளி ஆசிரியைகள். வேனில் ஏறியதும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலையும் அவர்களுடையதே. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. நம் விதிமுறைப்படி இவர்களில் ஒருவரும் உறுப்பினராக முடியாது. ‘அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் நிரந்தரப் பணியில் உள்ள’ என்று தொடக்கத்தில் எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது. கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள், பகுதிநேரத் தையல், ஓவிய ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாருமே வெளியேதான்.

நிரந்தரப் பணியில் இருக்கிறவர்களுக்குச் சம்பளக் கமிஷன் இருக்கிறது. கட்சிக்கு ஒன்றாக ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு இருக்கிறது. நம்மிடம் வந்து அவர்கள் பெறுவதற்கு உறவும் பேச்சும் உண்டு. அதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சங்கம் என்று ஒன்று இருந்தே தீரவேண்டிய நிலையில் இருப்பவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கே இன்னொரு சங்கமாக இருக்கிறோம். பிறகு இளைஞர்கள் வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் வருத்தப்படுகிறோம்.

விதியை மாற்றலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் ‘தரம் போய்விடும்’ என்ற பதில்தான் வந்தது. சகோதரி சுப்புலட்சுமி அப்படி நினைத்திருந்தால் இந்த மாநிலத்தில் பெண் ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டம் உருவாக இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! 1912-இல் சென்னையில் சாரதா லேடீஸ் யூனியனைத் தொடங்கியவர் அவர். தாமும் சிறு வயதில் விதவையானவர். பட்டம் பெற்ற பெண்கள் தேடி வரட்டும் என்று வாசலில் பலகை மாட்டி உட்காரவில்லை. வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த பால்ய விதவைகளை அழைத்துவந்து, ஐஸ் ஹவுஸ் விடுதியில் தங்கவைத்து, படிக்கவைத்து, ஆசிரியைகளாக ஆக்கினார். 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வராகவும் இருந்தார். அவர் கண்ணுக்கு யார் தெரிந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் தெரியவில்லை.

பள்ளத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு நாள் மாலை ஓர் ஆசிரியை வந்தார். தனியார் பள்ளியில் பதினோரு ஆண்டு அறிவியல் நடத்தியவர். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறியதால் விலகுகிறார். அவர் கேட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: பள்ளியில் கொடுத்து வைத்திருக்கிற அசல் சான்றிதழ்களை எப்படித் திரும்ப வாங்குவது? ஆண்டு நடுவில் விலகினால் தரமாட்டோம் என்கிறார்களாம். அதைப் பேசி முடித்த பிறகு, பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது பள்ளி தரவேண்டிய கிராஜுவிட்டி, எவ்வளவு வரும் என்று கேட்டேன். விழித்தார். “டீச்சர், அதெல்லாம் கவர்மென்ட் ஸ்கூலுக்குத்தானே?”

ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்த தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்கள் அடங்குவார்களா என்று ஒரு வழக்கு நடந்து, அடங்கமாட்டார்கள் என்று தீர்ப்பாகி, அதனால் 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போனபோது 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 13,000. ஆண்டுக்கு 7,500 ஆகிறது. பதினோரு ஆண்டுக்கு 82,500 ரூபாய். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி, நான்காக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் போகலாம் என்றும் சொன்னேன். அவ்வளவு தூரம் போகாமலே பணம் வந்தது, இரண்டு தவணையாக.

அவர் சங்கத்தில் சேரவில்லை; ஊரைவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதன் பிறகு அதே பள்ளியிலிருந்தும் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் ‘கணக்குப் போட்டுத் தருகிற டீச்சர் வீடு’ என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். டிபன் பாக்ஸ் யாரும் கேட்கவில்லை.

இந்த வேலையைச் சங்கம் செய்ய வேண்டும் என்கிறேன். வழக்குப் போடச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்கு என்று வழி சொல்ல வேண்டும். மகப்பேறு விடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நம் பக்கத்தில் நடப்பது என்ன? ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். ஜூனில் புதிதாகச் சேர்ந்ததாகக் கணக்கு. பணிக்கொடைக்கான ஐந்தாண்டும் அதோடு அறுந்துபோகும். ஒரு கையெழுத்தில் இரண்டு உரிமை போய்விடுகிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆளில்லை.

அதே மாதிரி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பைச் சேர்ந்தவரோ இந்த விவகாரம் தெரிந்தவரோ ஒருவர் அதில் உட்கார வேண்டும். பல பள்ளிகளில் அந்த வெளி உறுப்பினர் தாளாளருக்கு வேண்டப்பட்டவராக, காகிதத்தில் மட்டும் இருக்கிறார். நம்மில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைகள் எத்தனை பேர் வீட்டில் சும்மா இருக்கிறோம்! முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, சங்கத்தின் பெயரில் ஒரு பட்டியல் கொடுத்து, இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிகளுக்கு எழுதலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கும் இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் மறுபடி உட்கார்ந்து குழந்தை உளவியல் படிக்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பு நியாயமா என்பதை ஆசிரியர் இயக்கங்கள் பேசிக்கொள்ளட்டும். நாம் ஒரு படிப்பு வட்டம் தொடங்கலாமே? உளவியல் நடத்த ஆள் இருக்கிறார், தமிழுக்கு இருக்கிறார். கணக்குக்கு நான் வருகிறேன். தகுதித் தேர்வு எழுதித் தேறிய தனியார் பள்ளி இளம்பெண்கள் மூத்தவர்களுக்குச் சொல்லித் தரட்டும். வெளியே நிறுத்தியிருக்கிறவர்களிடம் நாம் பாடம் கேட்கும் நாள் வந்தால் ‘தரம்’ பற்றிய பேச்சும் தானாக அடங்கும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தடை ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நம் ஆண்டு விழாவின் புரவலர்களில் பாதிப் பேர் பள்ளித் தாளாளர்கள். பந்தல் செலவு ஒருவர், சாப்பாடு ஒருவர், மலர் அச்சிடுவது ஒருவர். அவர்களுடைய பள்ளியில் வேலை பார்க்கிற பெண்ணுக்குப் பணிக்கொடைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர்களிடமே போய்ப் பந்தலுக்குக் கேட்க முடியாது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் விதித் திருத்தம் ஒவ்வொரு முறையும் ‘அடுத்த கூட்டத்துக்கு’ ஒத்திவைக்கப்படுகிறது. என் யோசனை சின்னது: பந்தல் வேண்டாம். ஆண்டு விழாவை ஒரு பள்ளி வகுப்பறையில், நம் சந்தாப் பணத்தில், லெமன் சாதத்தோடு நடத்துவோம். தாளாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டதும் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்குமோ அவரிடம் சாப்பாட்டுச் செலவு வாங்கக் கூடாது.

அடுத்தது இடமும் நேரமும். மாதக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணி, காரைக்குடியில். தொடங்கும்போது பதினொன்றாகிவிடும். குத்துவிளக்கு, வரவேற்பு, நன்றி எல்லாம் முடிந்து வெளியே வந்தால் மூன்று மணி. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள் அது. துணி துவைக்க, மாவு அரைக்க, முகூர்த்த மாதமாக இருந்தால் இரண்டு கல்யாணத்துக்குத் தலைகாட்ட. இந்த நிலையில் கல்லலிலிருந்தோ ராயவரத்திலிருந்தோ ஒருவர் பஸ் பிடித்து வருவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சில ஆண்டுகள் பொதுக்குழுவையே மாசி–பங்குனியில் வைத்துவிடுகிறீர்கள். ஒரு பக்கம் பொதுத் தேர்வு, இன்னொரு பக்கம் முத்துமாரியம்மன் திருவிழா. யார் வருவார்கள்?

சங்கத்தைப் பஸ் தடத்தை வைத்துப் பிரியுங்கள். பள்ளத்தூரும் கானாடுகாத்தானும் ஒரு கிளை. புதுவயலும் கண்டனூரும் ஒன்று. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் ஒரே சாலை, ஒரே கிளை. தேவகோட்டை தனி, கல்லல் தனி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஒரு சங்கத்தையே ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம் என்கிறது. ஒரு கிளைக்கு ஏழு பேர் போதாதா? பள்ளி விட்டதும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கூடட்டும். ஆண்டுச் சந்தாவில் பாதி கிளையிடமே இருக்கட்டும். அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்களே முடிவு செய்து ரசீதை மட்டும் பொருளாளருக்கு அனுப்பட்டும். காரைக்குடியைக் கேட்டுத்தான் ஒரு கட்டுப் பேப்பர் வாங்க வேண்டும் என்றால் அந்தக் கிளை தையல் பழகுகிற சங்கமாகத்தான் முடியும். (தையல் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது.)

பொன்னமராவதி, மேலைச்சிவபுரி, ராயவரம் பக்கத்து ஆசிரியைகளின் குறை தனியானது. செட்டிநாடு ஒன்றுதான்; ஆனால் மாவட்டம் இரண்டு. அவர்களுடைய கல்வி அலுவலகம் புதுக்கோட்டையில், நம்முடையது சிவகங்கையில். நாம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனுக் கொடுக்கும்போதெல்லாம் அவர்கள் கூட்டத்தில் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பகுதிக்குத் தனியாக ஒரு துணைச் செயலாளர் வேண்டும். மனுவில் கையெழுத்திடும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

சங்கம் நடத்துவது நம் ஊருக்குப் புதிதில்லை. மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை 1909-இல் தொடங்கியது. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல். பாரதியார் வந்து போன இடம் அது. சா. கணேசன் கம்பன் கழகத்தை 1939-இல் ஆரம்பித்தார். கம்பன் விழா எப்போது என்று யாருக்கும் அழைப்பிதழ் பார்த்துத் தெரியவேண்டியதில்லை; பங்குனி அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். நம் கூட்டத் தேதியோ தலைவிக்கும் சிறப்பு விருந்தினருக்கும் எந்த நாள் தோதுப்படுகிறதோ அந்த நாள். ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்து, யார் வந்தாலும் வராவிட்டாலும் நடத்திக்கொண்டு போனால், வருகிறவர்கள் வீட்டில் முன்கூட்டிச் சொல்லிவைக்க வசதியாக இருக்கும். பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது தலைமை பற்றி. தலைவி அவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட குறை கிடையாது. சங்கத்துக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பாக்கி நின்ற ஆண்டுக் கணக்குகளை எல்லாம் ஒழுங்காகத் தாக்கல் செய்தவர். அது லேசான வேலை இல்லை. ஆனால் இன்று நிலைமை என்னவென்றால், காசோலைப் புத்தகம் அவர் பீரோவில். அறைச் சாவி அவர் கைப்பையில். மின்கட்டணத் தேதி அவர் நினைவில். அவர் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனால் சங்கம் பத்து நாள் படுத்துவிடுகிறது. சங்கங்கள் பதிவுச் சட்டம் ஒரு நிர்வாகக் குழுவுக்கு மூன்றாண்டுக்கு மேல் காலம் தருவதில்லை. மறுபடி தேர்ந்தெடுக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது. நாம் அந்த இடத்தை அடைத்து உட்கார்ந்துவிட்டோம். ஒருவருக்கு இரண்டு முறை போதும் என்று விதி எழுதுங்கள். இரண்டாவது முறையின் கடைசி ஆண்டில் அடுத்தவர் கையில் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். மேடையில் மாலை போட்டு ஒப்படைப்பது அதற்குப் பிறகு நடக்கட்டும். செயற்குழுவில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழ் இருவர், தனியார் பள்ளியிலிருந்து இருவர் கட்டாயம் இருக்கட்டும். தேரில் ஏறி உட்காரத்தான் இதுவரை ஆள் சேர்த்தோம். வடம் பிடிக்கச் சொன்னால் இளையவர்கள் வருகிறார்களா இல்லையா என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

டெக்சஸில் ஆன்னி வெப் பிளாண்டன் என்று ஓர் ஆசிரியை இருந்தார். 1916-இல் அந்த மாநில ஆசிரியர் சங்கத்தின் முதல் பெண் தலைவியானவர்; 1918-இல் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் தேர்தலில் நின்று வென்றவர். அவரே 1929 மே 11 அன்று ஆஸ்டின் நகரில் இன்னும் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு டெல்டா கப்பா காமா என்ற பெண் கல்வியாளர் சங்கத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் கிளைகளோடு இருக்கிறது. அது அழைத்தால்தான் சேரலாம் என்று தொடங்கிய அமைப்பு. அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் பணத்தை எதில் போட்டார்கள் என்பது. உறுப்பினர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகை. நாம் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் முதலிடம் வந்த மாணவிக்குக் கேடயம் கொடுக்கிறோம். நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் எம்.எட். படிக்க ஆசைப்பட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அதைத் தள்ளிப்போட்ட நம் உறுப்பினருக்கு இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆண்டுக்கு ஆகிற செலவை வரவு செலவு அறிக்கையில் பார்த்தேன். அதை நிறுத்தினாலே ஒருவருடைய ஓராண்டுப் படிப்புச் செலவின் பெரும்பகுதி கிடைத்துவிடும். வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தாலும் சரி.

ஆயிரம் பேர் என்ற இலக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பதிலாக இந்த ஆண்டு ஐந்து கிளைகள் என்று தீர்மானம் போடுங்கள். கிளைக்கு ஏழு பேர். முப்பத்தைந்து பேர்தானா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வேலை தெரிந்த முப்பத்தைந்து பேர் இப்போது நம்மிடம் இல்லை.

பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் சேர்க்க மூன்று பொருள்களை முறைப்படி எழுதிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்: உறுப்பினர் தகுதி விதித் திருத்தம், கிளைகளும் அவற்றின் சந்தாப் பங்கும், பதவிக் கால வரம்பு. விதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்பதால் நோட்டீஸிலேயே அதன் வாசகம் முழுதாக இருக்க வேண்டும். ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் தள்ளிவிட வேண்டாம். வாக்கெடுப்பு கையை உயர்த்தி இல்லாமல் சீட்டில் நடக்கட்டும். புதிய விண்ணப்பப் படிவத்தின் மாதிரி ஒன்றும் அந்த உறையிலேயே இருக்கிறது. அதில் கணவர் தொழில் கேட்கவில்லை. வாங்கிய டிபன் பாக்ஸ்களைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று பொருளாளர் விசாரித்து வைத்தால் நல்லது. பில் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஆயுள் உறுப்பினர்
பள்ளத்தூர்